பேதுரு, பவுல் பெருவிழாவை உரோமையில் கொண்டாடுவது எப்படி?

ஜூன் 29ஆம் நாள் திருச்சபை திருத்தூதர்களான புனித பேதுருவையும் புனித பவுலையும் ஒரே பெருவிழாவில் நினைவுகூர்கிறது. அவர்கள் இரத்தம் சிந்திய உரோமை நகரத்துக்கு இருவரும் பாதுகாவலர்கள் ஆதலால், அன்று அந்நகரத்தில் பொதுவிடுமுறை. இந்த விழாவுக்கென்றே அங்கே செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் காலையில் வத்திக்கானில் திருத்தந்தையின் திருப்பலியில் பங்கேற்றுவிட்டு, பிற்பகலில் கொலோசியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். முதல் முறை சென்றபோது நானும் அப்படித்தான் செய்தேன். ஊர் திரும்பிய பிறகுதான், பேதுருவின் கல்லறைக்குச் சென்ற நான் அதே நகரத்தில் ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பவுலின் கல்லறையை எட்டிப் பார்க்காமலேயே வந்துவிட்டேன் என்பது மனத்தில் உறைத்தது. விழா இருவருக்கும் உரியது. ஆகவே அந்த நாளையும் இருவருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான், அடுத்தடுத்த பயணங்களில் கற்றுக்கொண்டவற்றைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டியது

பயணப் பையை எடுத்து வைப்பதற்கு முன்பு, இந்த இருவரையும் ஒரே நாளில் ஏன் கொண்டாடுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால்தான் அங்கே பார்க்கப் போகும் கற்களும் கல்லறைகளும் பேசத் தொடங்கும். கலிலேயக் கடலில் வலை வீசியவர் பேதுரு. தர்சு நகரில் பிறந்து, எருசலேமில் கமாலியேலிடம் சட்டம் பயின்று, கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்தவர் பவுல். இருவருக்கும் இடையே பொதுவாக இருந்தவை குறைவு. அந்தியோக்கியாவில் பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு உணவருந்துவதிலிருந்து பேதுரு பின்வாங்கியபோது, அது தவறு என்று பவுல் அவரை நேருக்கு நேராக எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலே எழுதியிருக்கிறார். பேதுருவின் இரண்டாம் திருமுகமோ, அதன் இறுதிப் பகுதியில், பவுலை அன்புச் சகோதரர் என்று அழைக்கிறது. இவ்விரு பகுதிகளையும் விமானத்தில் அமர்ந்திருக்கும்போதே வாசித்துவிடுங்கள். இருபது நிமிடம்கூட ஆகாது.

நீரோ மன்னனின் ஆட்சியில், கி.பி. 64ஆம் ஆண்டு உரோமை நகரம் தீப்பற்றி எரிந்ததைத் தொடர்ந்து எழுந்த வன்முறையின் காலத்தில் இருவரும் கொல்லப்பட்டனர் என்பது திருச்சபையின் மரபு. பேதுரு தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டார் என்றும், உரோமைக் குடியுரிமை பெற்றிருந்த பவுல் வாளால் தலை வெட்டப்பட்டார் என்றும் அம்மரபு கூறுகிறது. ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் வாழ்ந்த காயுஸ் என்னும் உரோமைக் குரு, வத்திக்கான் குன்றுக்கோ, பவுலின் கல்லறை உள்ள ஓஸ்தியா சாலைக்கோ வந்தால் திருத்தூதர்களின் வெற்றிச் சின்னங்களைக் காட்டுவேன் என்று எழுதியதை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார். அந்தக் காலத்திலேயே இரண்டு கல்லறைகளும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமைத் தொகுப்பு ஒன்றில் உள்ள மறைச்சாட்சிகளின் பட்டியல், ஜூன் 29ஆம் நாளுக்கு நேராக இருவரின் பெயர்களையும் குறித்து, 258ஆம் ஆண்டையும் உடன் தருகிறது. அது வலேரியன் மன்னன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ஆண்டு. இருவரும் வெவ்வேறு நாள்களில் இறந்திருந்தாலும் அவர்கள் ஒருவரே போல் இருந்தார்கள், அதனால்தான் இருவருக்கும் ஒரே நாள் என்று புனித அகுஸ்தினார் இந்த விழாவின் மறையுரையில் விளக்கினார்.

நம் பாட்டன் பாட்டிமார் இவர்களை இராயப்பர், சின்னப்பர் என்றே அழைத்தார்கள். பவுலுஸ் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்பது பொருள். சின்னப்பர் என்ற பெயர் அந்தப் பொருளை அழகாகத் தமிழில் சுமந்து நிற்கிறது. சென்னை இராயபுரத்தின் பெயரே இராயப்பரிடமிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. திருவிவிலியத்தின் புதிய மொழிபெயர்ப்புகள் வந்த பிறகு இந்தப் பெயர்கள் வழக்கிலிருந்து விலகி வருவது எனக்கு வருத்தம் தருகிறது. உரோமையில் அவர்களின் கல்லறைகளுக்கு முன் நிற்கும்போது, வீட்டில் கேட்டுப் பழகிய அந்தப் பெயர்களாலேயே அவர்களை அழைத்து மன்றாடுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு இத்தாலி செல்ல ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே அதற்கு விண்ணப்பிக்கலாம். ஜூன் மாதம் ஐரோப்பாவில் சுற்றுலாக் காலம் என்பதால் விண்ணப்ப மையங்களில் நேரம் கிடைப்பது கடினம். ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

திருத்தந்தை நிறைவேற்றும் பெருவிழாத் திருப்பலிக்கு நுழைவுச்சீட்டு தேவை. அதைத் திருத்தந்தையின் இல்ல நிர்வாகத்துறைக்கு எழுதிக் கேட்டுப் பெறலாம். சீட்டு முற்றிலும் இலவசம்; ஒரு யூரோ கூடக் கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு சீட்டு தருவதாக எவரேனும் சொன்னால் அவரை நம்ப வேண்டாம். குழுவாகச் செல்வோர், குழுத் தலைவரின் பெயரில் எத்தனை பேர் என்பதைக் குறிப்பிட்டு ஒரே கோரிக்கையாக அனுப்புவது எளிது. ஒதுக்கப்பட்ட சீட்டுகளைப் புனித பேதுரு சதுக்கத்தின் வலப்புறத் தூண் வரிசையை ஒட்டிய வெண்கலக் கதவருகே, வழக்கமாக விழாவுக்கு முந்தைய நாளில், நேரில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பேராலயத்துக்கு அடியில் உள்ள பழங்காலக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க விரும்புவோர் அதற்கெனத் தனியே, பல மாதங்களுக்கு முன்பே, வத்திக்கானின் அகழாய்வு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். சிறு சிறு குழுக்களாக மட்டுமே உள்ளே விடுகிறார்கள் என்பதால் இடம் விரைவில் தீர்ந்துவிடும். எப்படியாவது முயன்று இதைப் பெற்றுவிடுங்கள் என்றே சொல்வேன். 1940ஆம் ஆண்டு முதல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அங்கே நடத்திய அகழாய்வில், கான்ஸ்டன்டைன் மன்னன் நான்காம் நூற்றாண்டில் மண் கொட்டி மூடி, அதன்மேல் தன் கோவிலை எழுப்பிய பழைய கல்லறைத் தெருவே வெளிப்பட்டது. அதன் முடிவில், இன்றைய தலைமைப் பீடத்துக்கு நேர் கீழே, காயுஸ் குறிப்பிட்ட சின்னத்தின் எச்சம் என்று ஆய்வாளர்கள் கருதும் சிறு நினைவுக் கட்டடம் இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்புகள் பேதுருவினுடையவை என்று ஏற்கத்தக்க வகையில் அடையாளம் காணப்பட்டுள்ளதாக 1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருத்தந்தை 6ஆம் பவுல் அறிவித்தார். ஜூன் 29ஆம் நாள் வத்திக்கானுக்கும் விடுமுறை. அன்று வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். கல்லறைத் தோட்டத்துக்கும் வேறு நாளைக் கேட்பதே சரி. 27 அல்லது 28ஆம் தேதியைக் கேளுங்கள். அது ஞாயிறாக அமைந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தை வத்திக்கானுக்கு அருகில் தேடுவதைக் காட்டிலும், மெட்ரோவின் ஏ தடமும் பி தடமும் சந்திக்கும் தெர்மினி நிலையத்தை ஒட்டித் தேடுவது இந்த விழாவுக்குப் பொருத்தமானது. பேதுருவின் பேராலயத்துக்கு ஏ தடத்திலும் பவுலின் பேராலயத்துக்கு பி தடத்திலும் செல்ல வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

ஆன்மிகத் தயாரிப்பு ஒன்றும் உண்டு. இந்தப் பெருவிழாவில், திருத்தந்தையோ ஓர் ஆயரோ மந்திரித்த செபமாலை, பாடுபட்ட சுரூபம், உத்தரியம் போன்ற பக்திப் பொருள் ஒன்றைப் பக்தியோடு பயன்படுத்தி, விசுவாச அறிக்கையைச் சொல்பவர்களுக்குத் திருச்சபை பரிபூரண பலன், அதாவது பாவங்களுக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை, வழங்குகிறது. ஒப்புரவு அருளடையாளம் பெற்று, நற்கருணை உட்கொண்டு, திருத்தந்தையின் கருத்துகளுக்காக மன்றாடி, பாவப்பற்று எதுவும் இன்றி இருப்பது அதற்கு உரிய நிபந்தனைகள். எனவே வீட்டில் இருக்கும் பழைய செபமாலையை உடன் எடுத்துச் செல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்தை ஊரிலேயே தமிழில் செய்து முடித்துவிட்டுச் செல்வது மன நிறைவைத் தரும். மொழி தெரியாத இடத்தில் அவசரமாகச் செய்ய வேண்டிய காரியம் அல்ல அது.

28ஆம் நாள்: சங்கிலிகளும் நீரூற்றுகளும்

விழாவுக்கு முந்தைய நாளை, அவர்கள் பட்ட பாடுகளின் இடங்களுக்குக் கொடுங்கள். காலையில் பி தடத்தின் காவூர் நிலையத்தில் இறங்கி, படிகளில் ஏறினால் பேதுருவின் சங்கிலிகள் வைக்கப்பட்டிருக்கும் சான் பியெத்ரோ இன் வின்கோலி ஆலயம் வரும். உள்ளே நுழைவோரில் பெரும்பாலோர் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசேயின் சிலையை நோக்கியே விரைவார்கள். அந்தச் சிலை மாபெரும் படைப்பு என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் முதலில் பீடத்துக்கு அடியில், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சங்கிலிகளுக்கு முன் முழந்தாளிடுங்கள். மறுநாள் திருப்பலியின் முதல் வாசகம், ஏரோது அடைத்து வைத்த சிறையில் இரண்டு படைவீரர்களுக்கு நடுவே சங்கிலிகளால் கட்டப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பேதுருவை வானதூதர் தட்டி எழுப்பியதைச் சொல்லும் திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரம். அந்தப் பகுதியை இங்கேயே ஒருமுறை வாசித்துவிட்டால், மறுநாள் புரியாத மொழியில் வாசிக்கப்படும்போதும் உங்களுக்கு அது புரியும். நண்பகலில் இந்த ஆலயத்தை மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே செல்வது அவசியம்.

பிற்பகலில் அதே பி தடத்தில் கடைசி நிலையமான லாவ்ரென்தினா வரை சென்று, அங்கிருந்து நடந்தால் த்ரே ஃபொன்தானே என்னும் துறவு மடத்தை அடையலாம். மூன்று நீரூற்றுகள் என்பது அந்தப் பெயரின் பொருள். பவுல் தலை வெட்டப்பட்டது இங்கேதான் என்பதும், அவருடைய தலை மூன்று முறை தரையில் பட்டுத் துள்ளிய இடங்களில் ஊற்றுகள் சுரந்தன என்பதும் மரபு. டிராப்பிஸ்ட் துறவிகள் காக்கும் இந்த மடத்தில் மூன்று ஆலயங்கள் உள்ளன. அவற்றுள் உட்பகுதியில் இருக்கும் ஆலயமே பவுல் மறைச்சாட்சியாக மரித்த இடத்துக்கு உரியது. யூகலிப்டஸ் மரங்கள் சூழ்ந்த அந்தப் பாதையில் கூட்டமே இருக்காது. உரோமையில் நான் சென்ற இடங்களில் மனம் விட்டுச் செபிக்க முடிந்தது இங்கேதான். மறுநாளைய இரண்டாம் வாசகம், தன் ஓட்டத்தை முடித்துவிட்டதாகவும் தன் உயிர் பலியாக ஊற்றப்படும் வேளை வந்துவிட்டதாகவும் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய விடைபெறும் சொற்கள். அவற்றை அமைதியாக வாசிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மாலையில் ஏதேனும் ஓர் ஆலயத்தில் திருவிழிப்புத் திருப்பலியில் பங்கேற்கலாம். அதன் வாசகங்கள் மறுநாளினின்று வேறுபட்டவை. உயிர்த்த ஆண்டவர், தம்மை மும்முறை மறுதலித்த பேதுருவிடம் மும்முறை அன்பைக் கேட்ட யோவான் 21ஆம் அதிகாரமே அன்றைய நற்செய்தி. பவுல் தன் மனமாற்றத்தைத் தானே விவரிக்கும் கலாத்தியர் முதல் அதிகாரம் அன்றைய இரண்டாம் வாசகம். மறுதலித்தவர் ஒருவர், துன்புறுத்தியவர் மற்றொருவர் என்று இருவரின் தவறுகளையும் அருகருகே வைத்துக்காட்டும் மாலை அது.

29ஆம் நாள் காலை: பேதுருவிடம்

திருப்பலி வழக்கமாகக் காலை 9.30 மணிக்குத் தொடங்கும் என்றாலும், 7 மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். ஏ தடத்தின் ஒத்தாவியானோ நிலையத்தில் இறங்கி நடந்தால் சதுக்கம் அருகில்தான். விடுமுறை என்பதால் பேருந்துகளும் ரயில்களும் குறைவாகவே ஓடும். கடைகளும் பல மூடியிருக்கும். காலை உணவுக்கு ஏதாவது முந்தைய இரவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் பைகளை எக்ஸ்ரே கருவி வழியாக அனுப்புவார்கள். கத்தி, கண்ணாடிக் குப்பி போன்றவற்றைக் கொண்டு வராதீர்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். சேலையும் வேட்டியும் தாராளமாக அணியலாம். ஜூன் இறுதியில் உரோமையில் வெயில் 30 டிகிரியை எட்டும். சதுக்கத்தில் காத்திருக்க நேர்ந்தால் நிழல் கிடைப்பது அரிது. தொப்பியும் காலித் தண்ணீர்ப் புட்டியும் இருந்தால் போதும். நகரமெங்கும் உள்ள சிறு குழாய் ஊற்றுகளில் குளிர்ந்த குடிநீர் இலவசமாகக் கிடைக்கும்.

கோவிலுக்கு வரும் வழியிலேயே, சதுக்கத்துக்கு முன்னால் உள்ள தெருவில், பூவிதழ்களாலும் வண்ணப் பொடிகளாலும் தரையில் ஓவியங்கள் வரைந்திருப்பார்கள். இத்தாலியின் பல ஊர்களிலிருந்து வரும் கலைஞர்கள் அவற்றை உருவாக்குகிறார்கள். மார்கழிக் கோலத்தைப் பார்த்து வளர்ந்த நம் கண்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

சதுக்கத்தின் நடுவில் உயர்ந்து நிற்கும் ஒற்றைக்கல் தூணை எல்லாரும் படமெடுப்பார்கள். அதன் கதையை அறிந்தவர்கள் குறைவு. எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தத் தூண், பேதுருவின் காலத்தில் இங்கே இருந்த பந்தய மைதானத்தில் நின்றது. கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டது அந்த மைதானத்தில்தான். பேராலயத்தின் தெற்குப் பக்கத்தில் நின்றிருந்த தூணை 1586ஆம் ஆண்டில் திருத்தந்தை 5ஆம் சிக்ஸ்துஸின் ஆணைப்படி தொமேனிகோ ஃபொந்தானா இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார். பேதுரு உயிர் துறந்தபோது அவர் கண்ணில் பட்ட கடைசிப் பொருள்களுள் இந்தக் கல்லும் ஒன்றாக இருந்திருக்கலாம். வரிசையில் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தை இந்த எண்ணத்தோடு கழித்துப் பாருங்கள்.

திருப்பலியில் கவனிக்க வேண்டியவை மூன்று உண்டு. பாலியம் முதலாவது. ஆறு கருஞ்சிலுவைகள் பதித்த வெள்ளைக் கம்பளித் துண்டான இது, தலைமைப் பேராயர்கள் தோளில் அணிவது. காணாமற்போன ஆட்டைத் தோளில் சுமந்து வரும் ஆயனை நினைவூட்டுவது. ஜனவரி 21ஆம் நாள், புனித ஆக்னஸ் விழாவில் மந்திரிக்கப்படும் ஆட்டுக்குட்டிகளின் கம்பளியைக் கொண்டு, த்ரஸ்தேவரே பகுதியில் உள்ள புனித செசிலியா மடத்துக் கன்னியர் இதை நெய்வது வழக்கம். அந்த ஆட்டுக்குட்டிகளை மரபாக வளர்த்துத் தந்தவர்கள், முந்தைய நாள் நீங்கள் சென்று வந்த த்ரே ஃபொன்தானே மடத்துத் துறவிகள். ஓராண்டுக்குள் நியமனம் பெற்ற தலைமைப் பேராயர்களுக்கான பாலியங்கள் இந்தத் திருப்பலியில் மந்திரிக்கப்படும். அவற்றை அவரவர் மறைமாவட்டத்திலேயே திருத்தந்தையின் தூதர் அணிவிக்கும் முறையை 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொண்டுவந்தார். 2025இல் திருத்தந்தை 14ஆம் லியோ மீண்டும் தம் கையாலேயே அணிவித்தார். இரண்டாவது, கான்ஸ்தாந்திநோபிள் முதுபெரும் தந்தையின் பிரதிநிதிகள் ஆண்டுதோறும் இந்த விழாவுக்கு வருவது. அதற்கு ஈடாக, பேதுருவின் சகோதரரான அந்திரேயாவின் விழாவான நவம்பர் 30ஆம் நாள் வத்திக்கானின் குழு இஸ்தான்புல் செல்லும். பிரிந்துபோன இரண்டு திருச்சபைகள், இரண்டு உடன்பிறப்புகளின் திருநாள்களில் ஒன்றையொன்று போய்ப் பார்த்து வருகின்றன. மூன்றாவது, கோவிலின் நடுக்கூடத்தில் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் பேதுருவின் வெண்கலச் சிலை. ஆண்டு முழுவதும் கருத்த உலோகமாகக் காட்சி தரும் அச்சிலைக்கு அன்று சிவப்புத் திருவுடையும் மும்முடியும் அணிவித்திருப்பார்கள். பக்தர்கள் நூற்றாண்டுகளாகத் தொட்டும் முத்தமிட்டும் வந்ததால் அதன் வலது பாதம் விரல்கள் தெரியாமல் தேய்ந்துவிட்டது. திருப்பலி முடிந்ததும் கூட்டம் வாசலை நோக்கி நகரும். அப்போது எதிர்த்திசையில் சிலையை நோக்கிச் செல்லுங்கள்.

நண்பகல் 12 மணிக்குத் திருத்தந்தை சன்னலில் தோன்றி மூவேளை செபம் சொல்லி ஆசீர் வழங்குவார். கையில் உள்ள செபமாலையை உயர்த்திப் பிடித்தால் அவருடைய ஆசீர் அதற்கும் சேரும்.

29ஆம் நாள் பிற்பகல்: பவுலிடம்

இந்த வழிகாட்டியிலேயே மிக முக்கியமான அறிவுரை இதுதான்: களைப்பாக இருக்கும், வெயில் கொளுத்தும், அறைக்குப் போய்ப் படுக்கத் தோன்றும், அப்போதும் பவுலை விட்டுவிடாதீர்கள். ஓரிரு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு நான்கு மணியளவில் புறப்படலாம். தெர்மினியில் பி தடத்துக்கு மாறி, லாவ்ரென்தினா செல்லும் ரயிலில் ஏறி, பஸிலிக்கா சான் பவ்லோ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் கோவில் வந்துவிடும்.

முன்முற்றத்தில் கையில் வாளேந்தி நிற்கும் பவுலின் பெருஞ்சிலை உங்களை வரவேற்கும். அவர் கொல்லப்பட்ட கருவியும் அவர் பரப்பிய இறைவார்த்தையும் சேர்ந்த அடையாளம் அந்த வாள். இப்போது நாம் காணும் கட்டடம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டினது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற பழைய பேராலயம் 1823ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் இரவு பற்றிய தீயில் பெரும்பகுதி அழிந்தது. உலகெங்குமிருந்து வந்த உதவியால் மீண்டும் கட்டப்பட்ட கோவிலை 1854ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் திருத்தந்தை 9ஆம் பயஸ் அர்ப்பணித்தார். நடுக்கூடத்தையும் பக்கக்கூடங்களையும் 80 கருங்கல் தூண்கள் தாங்குகின்றன. தூண்களுக்கு மேலே, பேதுரு தொடங்கி இன்றைய திருத்தந்தை வரை அனைவரின் உருவங்களும் வட்டங்களுக்குள் வரிசையாக இருக்கின்றன. பேதுருவின் வழிவந்தோர் எல்லாரும் பவுலின் கல்லறையைச் சுற்றிக் காவல் நிற்பதைப்போல எனக்கு அது தோன்றும்.

தலைமைப் பீடத்துக்கு முன்னால் சில படிகள் இறங்கினால் கல்லறைக்கு எதிரில் வந்துவிடலாம். 2002ஆம் ஆண்டு தொடங்கி 2006 வரை நடந்த அகழாய்வில் இங்கே கல்லாலான பெரிய சவப்பேழை ஒன்று வெளிப்பட்டது. அதன் ஒரு பக்கம் இப்போது கம்பித் தடுப்பின் வழியே கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு மேலிருந்த பளிங்குப் பலகையில், திருத்தூதரும் மறைச்சாட்சியுமான பவுலுக்கு என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள் பழைய எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ளன. பேழையைத் திறக்காமல், சிறு துளையிட்டு எடுத்த எலும்புத் துணுக்குகள் முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவருடையவை என்று கார்பன் ஆய்வு காட்டியதாக 2009ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், பவுலின் நினைவாகத் திருச்சபை கொண்டாடிய பவுல் ஆண்டின் நிறைவு வழிபாட்டில், திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அறிவித்தார்.

கல்லறைக்கு அருகிலேயே பவுலைக் கட்டியிருந்ததாகப் போற்றப்படும் சங்கிலியின் ஒன்பது கண்ணிகள் பேழையில் வைக்கப்பட்டுள்ளன. முந்தைய நாள் பேதுருவின் சங்கிலியைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பவுலின் சங்கிலி. விழா மாலையில் அதைப் பவனியாக எடுத்துச் செல்வது வழக்கம். அந்தப் பவனியில் நடப்பவர்களுள் பெரும்பாலோர் அந்தப் பகுதியில் குடியிருக்கும் சாதாரணக் குடும்பங்கள். வத்திக்கானில் காலையில் கண்ட விழா உலகத்தின் விழா. இங்கே நடப்பது ஊர்த் திருவிழா. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள், மூதாட்டிகள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு நடப்பார்கள். வழிபாட்டு நேரங்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறுவதால், கோவில் வாயிலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் நகரத்தார் விரும்பிப் பார்க்கும் ஜிராந்தோலா என்னும் வாணவேடிக்கைக்கும் இதே விதிதான். பழங்காலத்தில் சந்த் ஆஞ்சலோ கோட்டையில் நடந்த அது பிற்காலத்தில் இடம் மாறியிருக்கிறது.

30ஆம் நாளும், செல்ல இயலாதவர்களும்

ஒரு நாள் கூடுதலாகத் தங்க முடிந்தால், உரோமைத் திருச்சபையின் முதல் மறைச்சாட்சிகளின் நினைவு நாளான ஜூன் 30ஐ ஆப்பியச் சாலைக்குக் கொடுங்கள். கைதியாக உரோமைக்கு அழைத்து வரப்பட்ட பவுல் நடந்து வந்த சாலை இது. சகோதரர்கள் நகரத்திலிருந்து வெகுதூரம் எதிர்கொண்டு வந்ததைக் கண்டு அவர் கடவுளுக்கு நன்றி கூறித் துணிவு பெற்றார் என்று திருத்தூதர் பணிகளின் இறுதி அதிகாரம் சொல்கிறது. நகரத்தை விட்டுத் தப்பிச் சென்ற பேதுரு, எதிரே வந்த ஆண்டவரிடம் எங்கே போகிறீர் என்று கேட்டுத் திரும்பியதாகச் சொல்லப்படும் கதையும் இதே சாலையில்தான் நிகழ்கிறது. அந்தக் கேள்வியையே பெயராகக் கொண்ட சிற்றாலயம் ஒன்று வழியில் இருக்கிறது.

அதைத் தாண்டிச் சென்றால் புனித செபஸ்தியார் நிலத்தடிக் கல்லறைகள். முன்பு சொன்ன, 258ஆம் ஆண்டைத் தரும் மறைச்சாட்சிகளின் பட்டியலில் பேதுருவின் பெயரோடு வரும் இடம் இது. மூன்றாம் நூற்றாண்டுத் திருப்பயணிகள் இங்குள்ள சுவரில் பேதுருவையும் பவுலையும் பெயர் சொல்லி அழைத்து, தங்களை நினைத்தருளுமாறு கூரிய முனைகளால் கீறி வைத்த நூற்றுக்கணக்கான மன்றாட்டுகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவர்களுள் ஒருவர், பேதுருவுக்கும் பவுலுக்கும் நினைவு விருந்து படைத்ததாக எழுதியிருக்கிறார். இறந்தோரின் கல்லறையருகே கூடி அமர்ந்து உண்பது அக்காலத்து உரோமையரின் வழக்கம்.

உரோமைக்குப் போக முடியாதவர்கள் அந்த விருந்தையே தம் வீட்டில் வைக்கலாம். ஜூன் 29ஆம் நாள் காலையில் பங்குக் கோவிலில் திருப்பலி கண்டு, ஏழைகளுக்கு உதவத் திருத்தந்தையிடம் சேர்க்கப்படும் பேதுரு காணிக்கையில் இயன்றதைச் செலுத்துங்கள். மாலையில் சாவி ஏந்திய பேதுருவின் படத்தையும் வாள் ஏந்திய பவுலின் படத்தையும் ஒரே உயரத்தில் அருகருகே வைத்து, இரண்டுக்கும் ஒரே விளக்கை ஏற்றுங்கள். குடும்பத்தில் ஒருவர் அந்தியோக்கியாவில் நடந்த சச்சரவை வாசிக்கட்டும்; மற்றொருவர் பேதுருவின் இரண்டாம் திருமுகத்திலிருந்து பவுலை அன்புச் சகோதரர் என்று அழைக்கும் பகுதியை வாசிக்கட்டும். பிறகு சாப்பாட்டுக்கு அமருங்கள். பேச்சு நின்றுபோன உறவினரோ அண்டை வீட்டாரோ இருந்தால், அன்றைய இலையில் ஒன்றை அவருக்காகப் போட்டு, ஆளனுப்பாமல் நீங்களே போய் அழையுங்கள்.